ஒலிக்கு நிறம் உள்ளவர்களைக் கவிதையில் எழுதுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி என்ற ரஷ்யர் ஒரு முறை ஐஸ்கிரீம் வாங்கப் போனார். என்ன வகை இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, பழ ஐஸ்கிரீம் என்று விற்பவள் பதில் சொன்னாள். அவள் சொன்ன தொனியில் அவள் வாயிலிருந்து கரிக்கட்டிகள் குவியலாகக் கொட்டின. அதற்குப் பிறகு அவளிடம் எதையும் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. தம்மைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவிடம் அவர் இதை நடந்தது நடந்தபடியே சொன்னார். லூரியா அதை 1968இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார்.

அந்தப் பதிவில் நான் முதலில் கவனித்தது, கரிக்கட்டிகள் கொட்டுகின்றனவே தவிர, கரிக்கட்டிகள் கொட்டுவது போல இருக்கவில்லை என்பதைத்தான். ஒலியைக் கேட்கும்போதே நிறமும் வடிவமும் தொடுவுணர்வும் சுவையும் கூடவே வரும் மனிதர்களைப் பற்றிக் கவிதை எழுத விரும்புகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அதை எழுத்தில் எப்படிக் கைக்கொள்வது என்பதை, நான் கடைப்பிடிக்கும் வரிசையிலேயே கீழே சொல்கிறேன்.

முதல் படி: எதைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரிந்துகொள்வது

சினெஸ்தீசியா என்ற சொல், சேர்ந்து என்றும் உணர்தல் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. தமிழில் இதைப் புலனிணைவு என்று எழுதுகிறேன். புலன்மயக்கம் என்ற சொல் காதுக்கு அழகாக இருந்தாலும் அதைத் தவிர்க்கிறேன், ஏனென்றால் இங்கே மயக்கம் எதுவும் இல்லை. மணியோசையோடு மஞ்சள் வட்டம் ஒன்றைக் காண்பவர், மணியையும் வட்டத்தையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை. இரண்டும் அவருக்குச் சேர்ந்து வருகின்றன, அவ்வளவுதான். இது நோயும் அன்று. உளநலக் கோளாறுகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை. 1812இல் கியோர்க் சாக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், பிறவியிலேயே நிறமி அற்ற தம்முடைய வெண்தோல் நிலையைப் பற்றிய ஆய்வேட்டில், எழுத்துகளுக்கும் எண்களுக்கும் இசைச் சுரங்களுக்கும் தமக்கு நிறம் தோன்றுவதைப் போகிற போக்கில் எழுதிவைத்தார். நமக்குத் தெரிந்த முதல் மருத்துவப் பதிவு அதுதான். 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று, ஏதேனும் ஒரு வகைப் புலனிணைவு நூற்றில் ஏறத்தாழ நால்வருக்கு இருப்பதாகக் கணக்கிட்டது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கக்கூடும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு அவர் இதுவரை வாய் திறக்காமல் இருந்திருக்கலாம்.

கவிதைக்கு வேண்டிய இயல்புகள் மூன்று. ஒன்று, அந்த உணர்வு அவர் அழைக்காமல் வருகிறது. வேண்டாம் என்றாலும் நிற்பதில்லை. இரண்டு, அது மாறுவதில்லை. 1987இல் உளவியலாளர் சைமன் பேரன்-கோகனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பெண்மணியிடம் நூறுக்கு மேற்பட்ட சொற்களைச் சொல்லி அவற்றின் நிறங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பத்து வாரம் கழித்து மறுபடி கேட்டபோது அவர் அத்தனை நிறங்களையும் அப்படியே திருப்பிச் சொன்னார். ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, புலனிணைவு இல்லாத இன்னொருவரோ இரண்டே வாரத்தில் பெரும்பாலானவற்றைத் தவறவிட்டார். மூன்று, அது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ரிம்ஸ்கி-கோர்சகாவ், ஸ்கிரியாபின் என்ற இரண்டு ரஷ்ய இசையமைப்பாளர்களும், மேற்கத்திய இசையின் சுரத்தொகுதிகளில் ஒன்றான டி மேஜர் மஞ்சள் என்பதில் ஒத்துப்போனார்கள். சி மேஜர் என்று வந்ததும் ஒருவர் வெள்ளை என்றார், மற்றவர் சிவப்பு என்றார்.

இந்த ஸ்கிரியாபினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தம்முடைய பிரமீத்தியஸ் இசைப்படைப்பில் வண்ண ஒளிக்கென்றே தனி இசைக்கருவி வரி ஒன்றை எழுதிச் சேர்த்தவர் அவர். 1915இல் நியூயார்க்கில் அது வண்ண ஒளியோடு அரங்கேறவும் செய்தது. ஆனால் அவருக்கு உண்மையிலேயே புலனிணைவு இருந்ததா என்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். அவருடைய சுரநிறங்களை இசையின் ஐந்தாம் சுர வரிசைப்படி, அதாவது ஒவ்வொரு சுரத்திலிருந்தும் அதன் ஐந்தாவது சுரத்துக்குத் தாவிச் செல்லும் வரிசையில், அடுக்கினால், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று வானவில்லின் ஒழுங்கு வந்துவிடுகிறது. இயற்கையாக அமைந்த இணைப்புகள் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. இவை கோட்பாட்டின் வாசனை வீசுகின்றன. நம் பழைய இசை நூல்கள் ஏழு சுரங்களுக்கும் நிறங்களை வகுத்துச் சொல்வதும் அத்தகையதே: அது மரபு, ஒருவருடைய அனுபவப் பதிவு அன்று. ஆகவே ஸ ரி க ம ப த நி என்று ஏழு அடிகளில் ஏழு நிறங்களை வரிசையாக நிறுத்தும் கவிதை உங்கள் கையில் தானாக உருவாகத் தொடங்கினால், அங்கேயே எழுதுகோலைக் கீழே வைத்துவிடலாம்.

இரண்டாம் படி: யாருடைய காது என்று முடிவுசெய்வது

உங்களுக்கே இந்த இயல்பு இருக்குமானால் இந்தப் படி எளிதாகத் தோன்றும்; ஆனால் அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவ் தமக்கு எழுத்துகளின் ஒலியோடு நிறம் தோன்றுவதைத் தன்வரலாற்றில் விரிவாக எழுதியவர். அவருடைய தாய்க்கும் அது இருந்தது. அத்தகைய ஒப்புதல்கள் பிறருக்குச் சலிப்பூட்டுவதாகவும் பகட்டாகவும் தோன்றும் என்பதை அங்கேயே அவர் சொல்லிவிடுகிறார். உங்களுடைய நிறப்பட்டியல் உங்களுக்கு அதிசயம். வாசகருக்கு அது இன்னொருவர் கண்ட கனவு. கனவைக் கேட்பவர் எவ்வளவு நேரம் பொறுமையாக இருப்பார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

உங்களுக்கு அந்த இயல்பு இல்லையென்றால், இருப்பவர் ஒருவரிடம் கேட்டு எழுதுவதே நேர்மையான வழி. உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்தால், நம் எல்லோருக்கும் பொதுவான தொடர்புகள்தாம் கிடைக்கும்: உயர்ந்த சுருதிக்கு வெளிர்நிறம், தாழ்ந்த சுருதிக்கு அடர்நிறம். புலனிணைவு உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் இந்தப் போக்கு ஒரே திசையில் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே அது தவறன்று. ஆனால் அது தொடக்கப்புள்ளி மட்டுமே. தனி மனிதருடைய காதில் அதற்கு மேல் இருப்பதைத்தான் கவிதை தேடுகிறது.

அவரிடம் என்ன கேட்பது? "இந்த ஒலிக்கு என்ன நிறம்?" என்ற கேள்வியோடு நிறுத்தினால் ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். அந்த நிறம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சிலருக்கு அது கண்ணுக்கு முன்னே, ஓர் அடி தள்ளி, காற்றில் நிற்கும். பலருக்கு மனத்திரையில் மட்டும் தோன்றும். இந்த இருவரையும் ஒரே கவிதைக்குள் கலந்துவிடக் கூடாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் தம் நிறங்களை அகக்கண்ணால்தான் கண்டதாகச் சொன்னார். ஆயினும் அவர் தந்த வருணனைகள் வியக்கவைக்கும் அளவுக்கு நுணுக்கமானவை. தாம் பயன்படுத்திய சுரத்தொகுதி ஒன்றுக்கு நீலஊதாப் பாறைகளையும் அவற்றின்மேல் தெளித்தாற்போன்ற சிறு சாம்பல்நிறக் கனசதுரங்களையும் எழுதிவைத்தவர் அவர். இடத்துக்குப் பிறகு விளிம்பைக் கேளுங்கள்: கூராக இருக்கிறதா, பிசிறாக இருக்கிறதா, கரைந்துபோகிறதா? பிறகு அசைவைக் கேளுங்கள். எந்தத் திசையிலிருந்து வருகிறது, ஒலி நின்றதும் உடனே மறைகிறதா, தங்குகிறதா? தொட்டால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். கடைசியாக, அது பிடிக்கிறதா என்று கேளுங்கள். நெரிசலான கடைத்தெருவில் நடப்பது சிலருக்கு எவ்வளவு களைப்பூட்டும் என்பது இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தெரியவரும்.

ஷெரெஷெவ்ஸ்கியின் பதில்கள் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்வதாலேயே இன்றும் படிக்கத்தக்கவையாக இருக்கின்றன. நொடிக்கு 50 அதிர்வு கொண்ட ஒலியை உரக்க ஒலித்துக் காட்டியபோது, இருண்ட பின்னணியில் பழுப்புப் பட்டை ஒன்றையும் அதன் ஓரங்களில் செந்நாக்குகளையும் அவர் கண்டார். நாக்கிலோ புளிப்பும் இனிப்பும் கலந்த பீட்ரூட் சூப்பின் சுவை. 250 அதிர்வுக்கு, எல்லாப் பக்கமும் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் வெல்வெட் கயிறு. 2000 அதிர்வுக்கு இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வாணவேடிக்கையும், கையைக் காயப்படுத்தும் அளவுக்குச் சொரசொரப்பான பட்டையும், உப்பு ஊறுகாயின் கெட்ட சுவையும். உளவியலாளர் வைகாட்ஸ்கியிடம் அவர் ஒரு முறை, "உங்களுக்கு எவ்வளவு பொரபொரப்பான மஞ்சள் குரல்!" என்றார். மஞ்சள் என்பதோடு நின்றிருந்தால் நாம் அதை மறந்திருப்போம். பொரபொரப்புதான் அந்தக் குரலை நம் விரல்களுக்கிடையில் கொண்டுவந்து வைக்கிறது.

மூன்றாம் படி: ஒரே ஓர் ஒலி

புதிதாக எழுதுகிறவர் இசைக்கச்சேரியைத் தேர்ந்தெடுப்பார். நான் வேண்டாம் என்பேன். இசையில் நூற்றுக்கணக்கான ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. போதாக்குறைக்கு, இசை அழகானது என்ற முன்முடிவு வேறு சேர்ந்துகொள்ளும். அழகைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைப்பு வந்தவுடன் வானவில்லும் வண்ணத்துப்பூச்சியும் வந்து உட்கார்ந்துவிடும். குக்கர் விசில், கிணற்று உருளை, ஆட்டோவின் ஹாரன், பக்கத்து வீட்டுக் கதவின் கீல், மிக்ஸி, தையல் எந்திரம் என்று ஏதேனும் ஒன்றை எடுங்கள். அது தொடங்கி முடிகிற நேரம் பத்து நொடிக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த ஒலியைப் பற்றிய குறிப்பைக் கவிதையாக அல்லாமல், கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதுவதைப் போன்ற உரைநடையாக எழுதிக்கொள்ளுங்கள். நாளும் நேரமும் குறியுங்கள். இரண்டு வாரம் கழித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல், அதே ஒலிக்கு மறுபடி எழுதுங்கள். அல்லது உங்களுக்குச் சொன்னவரிடம் மறுபடி கேளுங்கள். இரண்டு குறிப்புகளிலும் மாறாமல் நிற்பவை எவையோ அவைதாம் கவிதையின் எலும்பு. மாறிப்போனவை பெரும்பாலும் எழுதும் ஆசையில் நாமே ஒட்டிவைத்த அலங்காரங்களாக இருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புலனிணைவில் தோன்றும் காட்சிகள் பெரும்பாலும் எளியவை: பட்டை, புள்ளி, வட்டம், வலை, கோடு. மாலைநேரக் கடற்கரையோ மலைச்சரிவில் மேயும் ஆடுகளோ அங்கே வருவது அரிது. உங்கள் வரைவில் முழு நிலக்காட்சியே விரிந்துவிட்டதென்றால், உங்கள் கற்பனை அனுபவத்தை முந்திக்கொண்டு ஓடிவிட்டது என்று பொருள்.

நான்காம் படி: 'போல'வை எடுத்துவிட்டுப் பார்ப்பது

தமிழ்க் கவிதை உவமையின் மடியில் வளர்ந்தது. தொல்காப்பியத்தின் உவமவியல், "வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்" என்று தொடங்குகிறது. செயல், பயன், வடிவம், நிறம் என்ற நான்கின் அடிப்படையிலும் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடலாம். புலன்களைக் கடந்து ஒப்பிடுவதிலும் நமக்குத் தயக்கம் இருந்ததில்லை. திருக்குறளின் கேள்வி அதிகாரம், "செவியிற் சுவையுணரா வாயுணர்வின் மாக்கள்" என்று காதுக்கே சுவையைக் கொடுக்கிறது. தமிழ்நாடு என்ற பெயரைக் கேட்டதும் காதில் தேன் பாய்வதாகப் பாரதி பாடியதைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தோம். தடித்த குரல், இனிய குரல், கூரிய சொல் என்று அன்றாடப் பேச்சிலும் அப்படித்தான் பேசுகிறோம்.

இவையெல்லாம் புலனிணைவு அல்ல என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். தேன் பாய்கிறது என்று பாடியவருக்கு நாக்கில் இனிப்புத் தட்டியதாக நாம் கொள்வதில்லை. மகிழ்ச்சியின் அளவைத்தான் அது சொல்கிறது. உவமை இரண்டு பொருள்களைத் தேடி எடுத்துவந்து அருகருகே நிறுத்துகிறது. புலனிணைவில் தேடல் இல்லை. இரண்டும் சேர்ந்தேதான் வந்தன. அதனால்தான் 'போல' வந்தவுடன் வாசகர் இதை நமக்குப் பழக்கமான அழகிய பொய்களின் பெட்டியில் போட்டுவிடுகிறார். பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போ 1871இல் ஐந்து உயிரெழுத்துகளுக்கு நிறம் சொல்லி எழுதிய கவிதை 'போல'வின் துணையில்லாமல் நேரடியாக A கறுப்பு, E வெள்ளை என்று அறிவித்துக்கொண்டு தொடங்குகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, உயிரெழுத்துகளின் நிறத்தை நான் கண்டுபிடித்தேன் என்று அவரே எழுதினார். கண்டுபிடித்தேன் என்பதற்கு அவர் எழுதிய பிரெஞ்சுச் சொல்லில் புனைவின் பொருளும் இருக்கிறது. அவருக்கு அந்த இயல்பு இருந்ததோ இல்லையோ, அறிவிக்கும் அந்தத் தொனியைக் கடன் வாங்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. இதற்காகவே நான் எழுதிய வரைவு இது; தொடங்குவோர் கையில் முதலில் வரக்கூடிய வகை:

குக்கரின் விசில்
வெள்ளிக் கம்பி போல
என் செவியில் பாய்கிறது.
வண்ண வண்ணக் கோலங்களாய்
விரிகிறது என் வானம்.

இதில் எவருடைய அனுபவமும் இல்லை. வெள்ளிக் கம்பி யாருக்கும் தோன்றக்கூடியது. வண்ண வண்ணக் கோலம் என்று சொன்னால் எந்த வண்ணம் என்று தெரியாது என்பதை ஒப்புக்கொண்டதாகிறது. பேரேட்டுக் குறிப்புக்குத் திரும்பிப் போய், இடம், விளிம்பு, அசைவு, முடிவு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தினால் இப்படி ஆகலாம்:

மூன்றாவது விசில்.
இடப்பக்கம், கண்மட்டத்துக்குச் சற்று மேலே,
ஈயத் தகடு ஒன்று
கிழிந்த ஓரத்தோடு நிற்கிறது.
அம்மா அடுப்பை அணைக்கிறாள்.
தகடு ஓரத்திலிருந்து மெலிகிறது,
கம்பியாகிறது,
இல்லை.
சாதம் வெந்துடுச்சு என்கிறாள்.
நான் கையை இறக்கிக்கொள்கிறேன்.

நிறத்தின் பெயர் ஒரு முறையும் வரவில்லை. ஈயம் என்ற சொல்லே நிறத்தையும் கனத்தையும் கொண்டுவந்துவிடுகிறது. கடைசி வரியை ஏன் சேர்த்தேன் என்றும் சொல்ல வேண்டும். தகட்டின் கிழிந்த ஓரத்திலிருந்து முகத்தைக் காத்துக்கொள்ளக் கை தானாக உயர்ந்திருக்கிறது. அது எப்போது உயர்ந்தது என்று கவிதை சொல்லவில்லை. அந்த உணர்வு அழைக்காமல் வருவது என்பதை "என்னையறியாமல்" என்று எழுதி விளக்குவதைவிட, இறங்கும் கையைக் காட்டுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. 'போல'வை எங்குமே பயன்படுத்தக் கூடாது என்று நான் விதி செய்யவில்லை. உணர்வு தோன்றுகிறது என்பதை நேராகச் சொல்லிவிட்டு, அந்தத் தோற்றத்தின் நுணுக்கத்தை விளக்க, "பழைய வெள்ளியைப் போல மங்கிய பட்டை" என்று இரண்டாவது இடத்தில் உவமையை வைத்தால் அது பொருந்தும். ஒலிக்கும் நிறத்துக்கும் நடுவில் மட்டும் அதை வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: தமிழிடம் இருக்கும் கருவிகள்

இந்தப் பொருளை எழுதுவதற்குத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. நாம் தினமும் பேசுவதால் அதைக் கவனிப்பதில்லை. சலசல, கலகல, மடமட என்ற இரட்டைக்கிளவிகள் ஒலியைக் குறிக்கின்றன. பளபள, மினுமினு, தகதக என்பவையும் அதே அச்சில் வார்த்தவைதாம். ஆனால் அவை குறிப்பது ஒளியை. பளபளக்கும் பாத்திரம் எந்தச் சத்தமும் போடுவதில்லை. வழவழ, சொரசொர, பிசுபிசு என்பவை தோலுக்குரியவை, சிலுசிலு குளிர்காற்றுக்குரியது. சத்தமே இல்லாத ஒளிக்கும் தொடுகைக்கும் ஒலியால் பெயர் வைத்திருக்கும் மொழியில், ஒலிக்கு ஒளியும் தொடுகையும் உள்ள ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு வழி ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. செய்ய வேண்டியது, இரட்டைக்கிளவியை அதன் வழக்கமான பெயர்ச்சொல்லிலிருந்து கழற்றி ஒலியில் மாட்டுவதுதான். சொரசொரத்த விசில், பிசுபிசுக்கும் ஹாரன், சிலுசிலுக்கும் சலங்கை. ஒரு கவிதைக்கு ஒன்று போதும். மூன்றாவது வந்தால் குழந்தைப் பாட்டின் தாளம் வந்துவிடும்.

எழுத்துகளின் இனமும் உதவும். 2001இல் மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் வெளியிட்ட கட்டுரை ஒன்று, முனைகள் கூர்த்த வடிவம் ஒன்றையும் உருண்டு வளைந்த வடிவம் ஒன்றையும் காட்டி, பொருளற்ற இரண்டு சொற்களைச் சொல்லி, எது கிக்கி, எது பூபா என்று கேட்ட சோதனையைப் பேசியது. கேட்கப்பட்டவர்களில் அமெரிக்க மாணவர்களும் இருந்தார்கள், இந்தியாவில் தமிழ் பேசுவோரும் இருந்தார்கள். மிகப்பெரும்பாலோர் கூர்த்ததையே கிக்கி என்றார்கள். பின்னாளில் 25 மொழிகள் பேசுவோரிடம் நடந்த சோதனையில் அந்த விடையின் பங்கு சராசரியாக 72 விழுக்காடாக இருந்தது; முழுமை இல்லை என்றாலும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. புலனிணைவு இல்லாத வாசகரிடமும் இந்தச் சிறு இழை இருக்கிறது. நீங்கள் அதைத்தான் தொட்டு இழுக்கிறீர்கள். தகடு, கிழிந்த, கம்பி என்ற சொற்களின் டகரமும் ககரமும் அந்த விசிலின் விளிம்பை வாசகருடைய வாயில் உண்டாக்கும். உருண்ட, மென்மையான தோற்றமுள்ள ஒலிக்கு மகரமும் லகரமும் நெடில்களும் கைகொடுக்கும். எழுதும்போது இதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். திருத்தும்போது எண்ணினால் போதும்.

நிறப்பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். செம்மை என்றால் சிவப்பு மட்டுமன்று, நேர்மையும். பச்சை என்றால் வேகாததும். வெள்ளை என்றால் கள்ளமின்மையும். இந்த உட்பொருள்கள் அழைக்காமலே உள்ளே நுழைந்து, "பச்சைக் குரல்" என்று நீங்கள் எழுதியதை வாசகர் "பக்குவப்படாத குரல்" என்று படிக்கும்படி செய்துவிடும். இதற்கு நான் கண்ட மருந்து புடவைக் கடைதான். மயில்கழுத்து, வாடாமல்லி, கத்திரிப்பூ, வெங்காயத்தோல், அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று அங்கே புழங்கும் பெயர்கள் நிறத்தின் நுட்பமான சாயலை ஒரே சொல்லில் தருகின்றன; கூடவே ஒரு பொருளின் மேற்பரப்பையும் தருகின்றன. வெங்காயத்தோல் நிறம் என்றால் அதில் மெல்லிய சரசரப்பும் இருக்கிறதல்லவா?

ஆறாம் படி: அடிகளை ஒடிப்பது

இது சிறிய படிதான். ஒலியும் நிறமும் ஒரே கணத்தில் வருகின்றன. ஆனால் மொழியில் ஒரு சொல்லுக்குப் பிறகுதான் இன்னொரு சொல் வர முடியும். இந்த இடைவெளியைக் குறைக்க, ஒலியைச் சொல்லும் சொல்லும் நிறத்தைச் சொல்லும் சொல்லும் ஒரே அடியில், நடுவில் வினைச்சொல் இல்லாமல் நிற்கும்படி எழுதிப் பாருங்கள். "அரக்குத் தும்மல்" என்பதைப் போல. ஒலி நீளும்போது அடியும் நீளட்டும், ஒலி அறுபடும் இடத்தில் அடியும் அறுபடட்டும். மேலே "இல்லை" என்ற ஒரு சொல் தனி அடியாக நிற்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. எதுகை மோனை வேண்டும் என்றால் பேச்சுக்கு நெருக்கமான அகவலோசை பொருந்தும். துள்ளும் சந்தம் தன் ஒலியையே முன்னால் தள்ளி, நீங்கள் எழுதவந்த ஒலியை மறைத்துவிடுகிறது.

ஏழாம் படி: இரண்டாவது ஆள்

தனியொருவரின் நிறப்பட்டியல் சலிப்பூட்டும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மாற்று, இன்னோர் ஆளைக் கவிதைக்குள் கொண்டுவருவது. புலனிணைவு குடும்பங்களில் வழிவழியாக வருவதுண்டு. ஆனால் ஒரே வீட்டில் இருவருக்கும் நிறங்கள் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. அங்கே ஒரு சிறு நாடகம் காத்திருக்கிறது.

கோயில் மணி.
அரக்கு என்றாள் அக்கா.
இல்லக்கா, எலுமிச்சை என்றேன்.
ஓரம் உருண்டையா, கூரா என்று
சாப்பாடு ஆறும்வரை சண்டை.
அம்மா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு மணி
மணியாக மட்டும் அடித்தது.

இதில் புலனிணைவைப் பற்றிய விளக்கம் எங்கும் இல்லை. சாப்பாடு ஆறும் அளவுக்கு நீளும் சண்டையே, இருவருக்கும் அது எவ்வளவு ஐயமற்ற உண்மை என்பதைக் காட்டிவிடுகிறது. கடைசி மூன்று அடிகளை எழுதிய பிறகுதான், தாயின் பக்கமும் ஓர் இழப்பாகத் தோன்றக்கூடும் என்பதைக் கவனித்தேன். அதை நான் திட்டமிடவில்லை, நீக்கவும் இல்லை. ஆனால் இந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும். புலனிணைவு உள்ளவர்களை வரம் பெற்றவர்களாகவும் மற்றவர்களை ஏழைகளாகவும் காட்டும் கவிதை, அவர்களை நோயாளிகளாகக் காட்டும் கவிதைக்குச் சற்றும் குறையாத பொய். ஷெரெஷெவ்ஸ்கியிடம் போனால் மறுபக்கம் தெரியும். திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டைன் பேசும்போது, இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் தீப்பிழம்பு ஒன்று தம்மை நோக்கி வருவதை அவர் கண்டார். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஐசன்ஸ்டைன் என்ன சொன்னார் என்பதை அவரால் பின்தொடர முடியவில்லை. குரல் பேச்சை மறைத்துவிடும் அந்த நிலையைத் தமிழில் யாரேனும் எழுதினால் நான் ஆவலோடு படிப்பேன்.

எட்டாம் படி: சரிபார்ப்பது

வரைவு முடிந்ததும் உரக்கப் படியுங்கள். உங்களுக்குத் தம் அனுபவத்தைச் சொன்னவர் முன்னால் படிப்பது அதைவிட நல்லது. நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆம் என்பார்கள். எந்த இடம் தவறு என்று கேளுங்கள். "தகடு சரி, ஆனால் அது நிற்காது, மெல்லச் சுழலும்" என்ற வகைத் திருத்தம் வந்தால் மகிழுங்கள். அப்படி ஒரு திருத்தத்தைச் சொல்ல அவரால்தான் முடியும். கவிதையின் ஓசை கெட்டுவிடும் என்று அதை ஒதுக்கத் தோன்றினால், ஓசையை விட்டுக்கொடுங்கள். அவர் பெயரையோ அடையாளத்தையோ கவிதையில் வைப்பதானால் முன்கூட்டியே ஒப்புதல் கேளுங்கள். வீட்டில் எவரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் முதல் முறையாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு கவிதையைச் சில வாரம் மூடிவைத்துவிட்டு, அந்த ஒலி உண்மையில் கேட்கும் நேரத்தில் எடுத்துப் படியுங்கள். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அடுப்படியில் நின்று, இடப்பக்கம், கண்மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். உங்களுக்கு அங்கே எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தைப் பார்த்தீர்கள் என்றால், உங்கள் வாசகரும் பார்ப்பார்.